மேலே வெயில், கீழே வெள்ளம்: அம்மாவின் ஆக்சிஜன் மெஷினுக்காக இன்வெர்ட்டர் வாங்கிய கதை

2024 மே மாதம், கத்திரி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் விடாமல் கத்த ஆரம்பித்தது. எழுந்து பார்த்தால் வீடே இருட்டு. கரண்ட் போய்ப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. பதின்மூன்று மாதத்துக்கு முன்னால் இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையில் விசிறியும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்றேன். யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது, எதுவும் தெரியவில்லை. ஐம்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலம் பக்கம். கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். இங்கே நானும் அம்மாவும் பத்தாவது படிக்கும் மகனும்தான். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தவள். பண்ருட்டிப் பக்கத்து ஊர் என்பதால் முந்திரி விறகுதான். நுரையீரல் அடைப்பு நோய் என்று டாக்டர் சொல்லி, 2023 மார்ச்சிலிருந்து ராத்திரி முழுக்கவும் பகலில் சில மணி நேரமும் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் கணக்கில் ஆக்சிஜன். வீட்டில் வைக்கிற ஐந்து லிட்டர் மெஷின். சிலிண்டர் மாதிரி உள்ளே காற்று நிரப்பி வைத்தது கிடையாது. கரண்ட் இருந்தால்தான் ஓடும். ஆஸ்பத்திரியிலும் மெஷின் வாங்கிய இடத்திலும், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதுவதே அதனால்தான். யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் எனக்கு மிச்சமாகியிருக்கும் பணமும் ராத்திரிகளும் நிறைய.

முதல் இன்வெர்ட்டரை 2023 ஏப்ரலில் வாங்கினேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை. கடைக்காரர், "எத்தனை ஃபேன், எத்தனை லைட் மேடம்?" என்றார். மூன்று ஃபேன், ஐந்து லைட் என்றேன். ஆக்சிஜன் மெஷினும் இருக்கிறது என்று சொன்னேன். "அதெல்லாம் தாராளமா ஓடும், ஆறு மணி நேரம் கியாரண்டி" என்றார். 900 வி.ஏ. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டுக் கரண்ட் மாதிரி சீராக இல்லாமல் வெட்டி வெட்டித் தரும் மலிவு வகை) 5,800, 150 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 13,500, டிராலியும் மாட்டுக்கூலியும் 1,200. ஆக மொத்தம் 20,500. ஆறு மணி நேரம் என்று அவர் சொன்னது ஃபேனுக்கும் லைட்டுக்குமான கணக்கு. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். என் மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 350 வாட்ஸ் என்று போட்டிருந்ததை நான் ஒரு வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். மெஷின் 350, சாதாரண ஃபேன் ஒன்று 75, ஒரு எல்.இ.டி. பல்ப் 10. மொத்தம் 435 வாட்ஸ். பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். பெருக்கினால் 1,800 வாட் அவர். 1,800-ஐ 435-ஆல் வகுத்து நாலு மணி நேரம் வரும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பது இருபது மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கிடைப்பது. சி20 என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். ஒரே மூச்சில் 40 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சினால் 100 ஏ.எச். அளவுக்குத்தான் தரும். இன்வெர்ட்டர் வேறு தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். புது பேட்டரியிலேயே இரண்டேகால் மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். வி.ஏ. என்பதும் வாட்ஸ் என்பதும் ஒன்றில்லை. 900 வி.ஏ. என்றால் ஏறக்குறைய 700 வாட்ஸ்தான் தாங்கும். மெஷினுக்குள்ளே கம்ப்ரசர் இருப்பதால் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தால் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். எங்கள் வீட்டில் பலமுறை அப்படி நின்றது. ஸ்கொயர் வேவில் மெஷின் ஒரு மாதிரி உறுமிக்கொண்டே ஓடியதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் மெஷின், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சி-பேப் மெஷின், இன்சுலின் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் என்று எது இருந்தாலும் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும். விலையில் நாலைந்தாயிரம் கூட வரும், அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஆனால் என் பணத்தைத் தின்றது கணக்கில் விட்ட தப்பு மட்டும் இல்லை. பேட்டரியை வைத்த இடம்தான் முக்கியக் காரணம். மாட்ட வந்த தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஹெட்ரூம்ல வச்சிரலாம்கா, ஆசிட் வாடை வீட்டுக்குள்ள வராது" என்றான். மொட்டை மாடியில் படி முடிகிற இடத்தில் இருக்கும் சின்ன அறை அது. எனக்கும் அது நல்லதாகப் பட்டது. இன்னொரு காரணமும் மனதில் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் 2015 மழையில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் போகவில்லை. இரண்டு முறை வெள்ளையடித்தும் பழுப்பாகத் தெரியும். பேட்டரி மேலே இருந்தால் வெள்ளம் வந்தாலும் பயமில்லை என்று நிம்மதிப்பட்டேன். ஹெட்ரூமுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மேற்குப் பார்த்த கதவு. ஜன்னல் கிடையாது.

அந்த மே ராத்திரிக்கு மறுநாள் கணவர் போனில், "பேட்டரி எங்க இருக்கு?" என்று கேட்டார். மாடியில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இங்க யாரும் மொட்டை மாடியில பேட்டரி வைக்க மாட்டாங்கம்மா. ஏசி ஓடுற ரூம்லதான் வைப்பாங்க. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அங்க தொங்க விட்டுப் பாரு" என்றார். குவைத் வெயில் சாதாரண வெயில் இல்லை. 2016 ஜூலையில் அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. அந்த ஊரில் வேலை பார்க்கிறவர் சொல்கிறார் என்று 250 ரூபாய்க்கு ஒரு சுவர்த் தெர்மாமீட்டர் வாங்கி ஹெட்ரூமில் மாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன், 47. சாயங்காலம் ஆறரைக்கும் 41. அதே தெர்மாமீட்டரைக் கீழே கிழக்குப் பக்க நடையில் மாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு 34. ஒரே வீட்டுக்குள் பதின்மூன்று டிகிரி வித்தியாசம். அந்த இடத்தில்தான் ஒரு வருஷமாக அம்மாவின் மூச்சை நம்பி ஒப்படைத்திருந்தேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

ஆசிட் பேட்டரியின் ஆயுளும் கொள்ளளவும் 25, 27 டிகிரியை வைத்துச் சொல்லப்படுபவை. அதற்கு மேல் சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏற ஏற ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. சூட்டில் உள்ளே நடக்கும் ரசாயன வேலை வேகமாகி, பிளேட் சீக்கிரம் அரிக்கும், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். கணவர் இருக்கும் பாலைவனத்தில் காற்று உலர்ந்து கிடக்கும், தூசி போய் இன்வெர்ட்டரின் விசிறியை அடைக்கும், அதுதான் அங்கே கூடுதல் தொல்லை. நமக்குத் தூசி குறைவு, உப்புக் காற்று அதிகம். வெள்ளிக் கடற்கரையிலிருந்து எங்கள் தெரு சில கிலோமீட்டர்தான். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்ததைப் பூஞ்சை என்று நினைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அது அரிப்பு. முதலில் இன்வெர்ட்டரை அணைத்து வயரைக் கழற்ற வேண்டும். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். ஈரம் போகத் துடைத்து, வயரை முடுக்கி, மேலே வாசலின் பூச வேண்டும். உள்ளே சோடா ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது.

அடுத்த நாள் வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறையில் நாலில் தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் அளவு காட்டும் ஃப்ளோட் குச்சி சிவப்புக்கும் கீழே அமுங்கிப்போய், வெளியே தலைகூடத் தெரியவில்லை. பிளேட் முனை வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்தது. வாரண்டிக்குக் கொண்டுபோனேன். "தண்ணி விடாம காய்ஞ்சு போன பேட்டரிக்கு வாரண்டி கிடையாது" என்று திருப்பிவிட்டார்கள். கார்டின் பின்பக்கம் அது பொடி எழுத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும் என்று கடையில் வாயால் சொன்னதை நம்பினது என் தப்பு. குளிர்ந்த இடத்தில் இருந்தால் மூன்று மாதம் தாங்கலாம். நம் ஊர் வெயிலில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் இருக்கும், அதை ஊற்றக் கூடாது. ஆசிட்டை எந்தக் காலத்திலும் நாமாக ஊற்றக் கூடாது. இன்னொன்று, 36 பிளஸ் 24 மாதம் என்று வாரண்டி போட்டிருந்தால், பின்னால் வரும் 24 மாதத்துக்குப் புது பேட்டரி தரமாட்டார்கள், விலையில் தள்ளுபடி மட்டும்தான். அதையும் எம்.ஆர்.பி.யில் கழிப்பார்கள். கடையில் எம்.ஆர்.பி.க்கு யாருமே வாங்குவதில்லை என்பதால், கழித்த பிறகும் வெளியே வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய பேட்டரியை எடைக்குப் போட்டு 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய தப்பு. தண்ணீர் ஊற்றுகிற வேலையே வேண்டாம், லித்தியம் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். 2024 ஜூலையில், பேட்டரி தானே அசெம்பிள் செய்து விற்கிற ஒருவரிடம் 100 ஏ.எச். லித்தியம் 27,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஜி.எஸ்.டி. பில் இல்லை, வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலேயே மாட்டிக் கொடுத்தார். அந்த இன்வெர்ட்டரின் சார்ஜர் ஆசிட் பேட்டரிக்காகச் செய்தது. அதன் சார்ஜ் வோல்டேஜ் லித்தியத்துக்கு ஒத்துவராமல், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அடிக்கடி தானாகவே துண்டித்துக்கொண்டது. துண்டித்தது நமக்குத் தெரியாது. கரண்ட் போகும்போதுதான் தெரியும். மெக்கானிக் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, 100 என்று எழுதியிருந்தாலும் 55 ஏ.எச்.தான் தருகிறது, உள்ளே பழைய செல்லாக இருக்கும் என்றார். விற்றவர் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். லித்தியம் கெட்ட பொருள் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை நல்ல நிறுவனத்தில் வாங்கினால் எடை குறைவு, தண்ணீர் வேலை இல்லை, ஆசிட் பேட்டரியைவிடப் பல மடங்கு சுழற்சி (ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) தாங்கும். ஆனால் அதற்கென்று சார்ஜ் செட்டிங் உள்ள இன்வெர்ட்டர் வேண்டும், சரியான பில் வேண்டும், வாரண்டியில் எத்தனை சுழற்சிக்குப் பிறகு எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வெயில் அதற்கும் ஆகாது. பல கம்பெனிகள் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை என்று போட்டிருக்கிறார்கள். என் ஹெட்ரூமில் அதுவும் தப்பியிருக்காது.

அந்த லித்தியம் பெட்டியை வெயிலுக்குப் பயந்து கீழே மாடிப்படிக்கு அடியில், தரையில் வைத்தேன். இது நடந்து நாலரை மாதத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது.

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கரண்ட் வரப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. அப்போது அம்மா நன்றாக இருந்தாள், மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சமாளித்தோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் சாயங்காலமே கரண்ட் நிறுத்திவிட்டார்கள். கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் உயிர் போகும், நிறுத்தினதுதான் சரி. லித்தியம் ஒரு மணி பத்து நிமிடம் தாங்கியது. காற்று ஊ என்று கத்துகிறது, மகன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அம்மா என் தோளில் சாய்ந்து ஒவ்வொரு மூச்சாக எண்ணுவது போல இழுக்கிறாள். எதிர்வீட்டு அண்ணன் தன் கடையில் இருந்த சின்ன ஜெனரேட்டரை மழையோடு மழையாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதே இல்லை.

ஆனால் அதை முன்பக்கத் திண்ணையில் வைத்து ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்து அம்மாவுக்கு இருமல் பிடித்தது. நுரையீரல் நோயாளியின் அறைக்குள் நானே புகையை விட்டிருக்கிறேன். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். திண்ணை, வராண்டா, ஷட்டர் போட்ட கார் ஷெட் எதிலும் வைக்கக் கூடாது. வெளியே, ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி, தகரம் சாய்த்து மழை படாமல் வைத்து, நீளமான வயர் இழுத்து நேராக மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி வீடு முழுக்க ஓட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தெருக் கரண்ட்டைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் கரண்ட் தெருக் கம்பிக்குத் திரும்பப் போகும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அண்ணனுக்கு மறுநாள் ஜெனரேட்டர் தேவைப்பட்டதால் நாள் வாடகை 3,000 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். இரண்டு நாள் வாடகை, 1,800 ரூபாய்க்குப் பெட்ரோல். பெட்ரோலுக்கும் வரிசை. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் ஏறியது. முதலில் வாசல் படி, அப்புறம் கூடம், அப்புறம் முழங்கால். மாடிப்படிக்கு அடியில் இருந்த லித்தியம் பெட்டி முழுகிப்போனது. இருபத்தேழாயிரம் தண்ணீருக்குள். அதைப் பற்றி நினைக்கக்கூட அப்போது நேரமில்லை. டிராக்டரில் அம்மாவை ஏற்றி மஞ்சக்குப்பம் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாலு நாள் இருந்தாள், 18,500 ரூபாய். எடைக்குப் போட்ட 3,800-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் போனது 51,500. ஆஸ்பத்திரியோடு சேர்த்து சரியாக எழுபதாயிரம். குவைத்தில் ஐம்பது டிகிரியில் மற்றவர்கள் வீட்டு ஏசியைக் கழற்றி மாட்டிச் சம்பாதித்த பணம் அது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அங்கயும் ஜூன்ல சில நாள் ரெண்டு ரெண்டு மணி நேரம் கரண்ட் நிறுத்தினாங்க, ரூம் அடுப்பு மாதிரி ஆயிடுச்சு, அப்பல்லாம் அம்மாவைத்தான் நெனச்சேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் ஒரு நர்ஸ் அக்கா, "வீட்ல ஒரு பி டைப் சிலிண்டர் வச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவ்வளவு எளிதான விஷயம். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். கரண்டே வேண்டாம். டி டைப் எனப்படும் பெரியது 7,000 லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் வரும், ஆனால் அதை நகர்த்த ஆள் வேண்டும். இன்வெர்ட்டர், பேட்டரி என்று நான் அலைந்த அலைச்சலில் இதை யோசிக்கவே இல்லை. கரண்ட்டை நம்பிய ஏற்பாடு ஒன்றும், கரண்ட்டே தேவைப்படாத ஏற்பாடு ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. அந்த அறையில் சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் கூடாது. எங்கள் வீட்டில் பூஜை அலமாரியையே வேறு அறைக்கு மாற்றினோம். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எத்தனை லிட்டர் வைப்பது என்பதை டாக்டர் சொன்னபடிதான் வைக்க வேண்டும், மூச்சு திணறுகிறதே என்று நாமாகக் கூட்டக் கூடாது. இந்த நோயில் கூட்டினால் அதுவே ஆபத்து.

சோலார் போடலாமே என்று பலர் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் 78,000 ரூபாய் மானியத்தில் மூன்று கிலோவாட் போட்டிருந்தார். ஃபெஞ்சலுக்குப் பிறகு வெயில் அடித்த நாட்களிலும் அவர் வீட்டில் இருட்டுதான். சாதாரண ஆன் கிரிட் சோலார், தெருவில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், செலவு அதிகம். பில் குறையும் என்பதற்காகப் போடுங்கள், கரண்ட் போனால் உதவும் என்று எண்ணிப் போடாதீர்கள்.

2025 பிப்ரவரியில் மூன்றாவது முறையாக வாங்கினேன். இந்த முறை கடைக்குப் போகும் முன் இடத்தை முடிவு செய்தேன். மேலே வைத்தால் வெயில், கீழே வைத்தால் வெள்ளம். கிழக்கு நடையில் மத்தியானம் 34 டிகிரி காட்டிய அதே சுவரில், 2015 கோட்டுக்கும் 2024 கோட்டுக்கும் மேலே ஒன்றரை அடி விட்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு அடித்தேன். ஒரு பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் வரும், அதனால் ஸ்டாண்டின் கால்களைத் தரையில் ஊன்றி, சுவரில் போல்ட் போட்டு முடுக்கச் சொன்னேன். நடையில் காற்று வரும், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வாயு தங்காது. ஸ்டாண்டு உயரமாக இருப்பதால் தண்ணீர் பார்க்க ஒரு முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கிறது. அதனால் என்ன.

24 வோல்ட் சைன் வேவ் இன்வெர்ட்டர் 11,500. 150 ஏ.எச். டால் டியூபுலர் பேட்டரி (உயரமான ஆசிட் பேட்டரி வகை) இரண்டு, 34,000. ஸ்டாண்டும் தனி ஒயரிங்கும் 4,800. அம்மா அறைக்கு, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 3,000. பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுத்த இடத்தில் இது 30. சிலிண்டர், ரெகுலேட்டர் 9,500. மொத்தம் 62,800. லித்தியத்துக்குப் போகாததற்குக் காரணம் பணமும், ஆசிட் பேட்டரிக்கு நம் ஊரில் எந்தத் தெருவிலும் மெக்கானிக் கிடைப்பார் என்பதும்தான். பேட்டரி வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கினேன். கடையில் பல மாதம் வெயிலில் கிடந்த பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கிப் பாதி கெட்டிருக்கும். இரண்டும் ஒரே மாதத்தில் தயாரானதாக இருக்க வேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்று சேர்த்தால் பழையது புதியதையும் கெடுக்கும். கடையிலேயே, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுக் காட்டச் சொன்னேன், எல்லா அறையிலும் 1240 பக்கம் இருந்தது, சார்ஜ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. இன்வெர்ட்டர் லைன் அம்மா அறைக்கும் கூடத்தில் ஒரு லைட்டுக்கும் மட்டும். முன்பு வீடு முழுக்கக் கொடுத்திருந்ததால், விருந்தாளி வந்தால் எல்லா ஃபேனும் ஓடி, அம்மாவுக்கு வேண்டிய கரண்ட் தீர்ந்துபோகும். இப்போது கரண்ட் போனால் மகன் வியர்வையோடு உட்கார்ந்து படிக்கிறான். அவனே, "பாட்டிக்கு இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டான்.

மாட்டிய மறுநாள் காலை, அம்மா ஆக்சிஜன் இல்லாமல் நன்றாக உட்கார்ந்திருந்த நேரத்தில், மெஷினை வெறுமனே ஓடவிட்டு, ஃபேன், லைட் போட்டு, மெயினை அணைத்துவிட்டு மணி பார்த்தேன். சோதனை முடிந்ததும் பேட்டரி திரும்பச் சார்ஜ் ஏறக் கரண்ட் தேவை என்பதால், அன்றைக்கோ மறுநாளோ கரண்ட் நிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் நின்றதும் மகனை விட்டுச் சிலிண்டரைத் திறந்து ரெகுலேட்டரில் இரண்டு லிட்டர் வைத்துக் குழாயை மாட்டச் சொன்னேன். முதல் தடவை நாலு நிமிடம் ஆனது, மூன்றாவது தடவை ஒரு நிமிடத்துக்குள் முடித்தான். எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி செய்து அடுத்த வரியில் எழுதுகிறேன். 2025 பிப்ரவரியில் இன்வெர்ட்டர் ஓடியது 5 மணி நேரம் 20 நிமிடம் என்று இருக்கிறது. ஆகஸ்டில், ஒரு கத்திரி கழிந்த பிறகு, 5 மணி நேரம் 5 நிமிடம். இது 3 மணி நேரத்துக்குக் கீழே இறங்குகிற அன்றைக்குப் புது பேட்டரி வாங்க, மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன்.